லாட்டனின் கலிலியோ

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் ‘கலிலியோ’ நாடகம் அமெரிக்காவில் எடுபடவில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கொஞ்சம் அவசரம்தான். நடிகர் சார்லஸ் லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது, பிரெக்ட்டின் ஆங்கிலமோ அரைகுறை. இருவரும் வசனங்களை நடித்துக் காட்டிக் காட்டித்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது; அறிவியலை அதிகாரத்திடம் ஒப்படைத்துவிட்டேன் என்று கலிலியோ தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் பேச்சு அதற்கப்புறம் இன்னும் கடுமையானது. 1947 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் அரங்கேற்றம். சரியான வெயில்! பார்க்க வருகிறவர்கள் யோசிக்க வேண்டுமே என்று அரங்கச் சுவரை ஒட்டி ஐஸ் லாரிகளை நிறுத்தச் சொன்னாராம் லாட்டன். அக்டோபரில், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் சாட்சி சொன்ன மறுநாளே பிரெக்ட் விமானம் ஏறிவிட்டார். டிசம்பரில் நியூயார்க் மேடையேற்றத்தின்போது அவர் ஐரோப்பாவில். நியூயார்க்கில் நடந்த அந்தச் சில நாள் காட்சிகளை மட்டும் வைத்தா தீர்ப்பு எழுதுவது?