2013 ரெட் சாக்ஸை மறந்துவிட்டீர்களே

சீசன் முடிந்த இடைவெளியில் பெரிய நட்சத்திரத்தை வாங்காத பேஸ்பால் அணிக்குக் கோப்பை கிடையாது என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். 2013இல் கோப்பை வென்ற பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவர் கண்ணில் படவில்லை போலும்.

2012இல் 93 தோல்வி, பிரிவில் கடைசி இடம். அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்களில் ஒருவர் பந்துவீச்சாளர் கோஜி உவேஹாரா. வயது 37, சம்பளம் 42.5 லட்சம் டாலர். அந்தச் சந்தையில் இது சில்லறைக் காசு. க்ளோசர் வேலைக்கென்று, அதாவது கடைசி இன்னிங்ஸில் பந்து வீசி வெற்றியைக் காப்பாற்ற, வாங்கியது இவரை அல்ல, ஜோயல் ஹான்ரஹனை. ஹான்ரஹன் காயத்தால் ஒதுங்கினார், அடுத்து அந்த வேலைக்கு வந்த ஆண்ட்ரூ பெய்லியும் காயத்தால் ஒதுங்கினார், பந்து உவேஹாரா கைக்கு வந்தது. சீசன் முழுக்க 101 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), வாக் (நான்கு தவறான பந்து வீசி பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) வெறும் 9! கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்ததும் அவரே.

அதே குளிர்காலத்தில் வந்த பேட்டர் மைக் நெப்போலியிடம் முதலில் பேசியது 3 ஆண்டுக்கு 3.9 கோடி டாலர். இடுப்பெலும்பில் கோளாறு தெரிந்ததும் ஓராண்டு, 50 லட்சம் என்று சுருக்கிவிட்டார்கள். அந்த மனுஷன்தான் உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில், டெட்ராய்ட்டில் அந்த அணியின் நட்சத்திரப் பந்துவீச்சாளர் வெர்லாண்டரின் பந்தை ஹோம் ரன் அடித்து 1-0 என்று ஜெயிக்க வைத்தார். அதே குளிர்காலத்தில் வந்த ஜானி கோம்ஸ் உலகத் தொடரில் அடித்த மூன்று ரன் ஹோம் ரன் தனிக்கதை.

ஓர்டிஸ், பெட்ரோயா, லெஸ்டர் என்ற நட்சத்திரங்கள் அணியில் ஏற்கெனவே இருந்தார்களே என்பீர்கள். நியாயம்தான், வெறும் சில்லறையை வைத்து அணி கட்ட முடியாது. ஆனால் அந்த ஓர்டிஸே 2002 டிசம்பரில் மினசோட்டா அணி வேண்டாமென்று விடுவித்த ஆள்தான் சார்.