2,000 வாக்கு விழுந்தால் மட்டும் போதாது

"ஊர்ச் சாலைகள் எப்படி என்று வாட்ஸப்பில் கேட்டதற்கு 2,000 பேர் வாக்களித்தார்கள், 400 பேரிடம் எடுக்கும் கணக்கெடுப்பைவிட இதுவே நம்பகமானது" என்று சிலர் சொல்வது தவறு. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 400 பேர் என்றால் பிழை வரம்பு (முடிவு உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு) சுமார் 5 சதவீதம். தாமாக வந்து வாக்களித்தவர்களுக்கு அப்படி வரம்பே கணக்கிட முடியாது. சாலைப் பள்ளத்தில் விழுந்தவர்தான் முதலில் வாக்குப் பொத்தானை அழுத்துவார்.

செட்டிநாட்டில் வீட்டு வரிப் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஆளில்லாத நகரத்தார் வீடுகளும் வந்துவிடும். அவற்றை முதலிலேயே நீக்குங்கள். வேலைக்குப் போனதால் பூட்டிய வீடு வேறு: பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பாமல் மாலையிலும் ஞாயிறும் மறுபடி போக வேண்டும். இல்லையென்றால் தினமும் சாலையில் போகிறவர்களே விடுபடுவார்கள்.

"சாலை எப்படி?" என்று மொத்தமாகவும் கேட்காதீர்கள். தேவகோட்டை போகும் தேசிய நெடுஞ்சாலைக்கும் கானாடுகாத்தான் பேரூராட்சித் தெருவுக்கும் பொறுப்பாளர் வேறு. குழி, விளக்கு, வடிகால் என்று சாலைவாரியாகக் கேளுங்கள்.