பந்தைத் தொடாதவர்தான். அதனால் என்ன?

நேற்று என் பக்கத்தில் அந்தப் பின்னூட்டத்தைப் படித்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். அமெரிக்கன் ஃபுட்பாலில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்கு ஆடிய லாரி ஆலனுக்கு அஞ்சலி எழுதினால், "பந்தையே தொடாத குண்டனுக்கு இவ்வளவு அழுகையா?" என்று ஒருத்தர் கேட்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். குடும்பத்தோடு மெக்சிகோவுக்கு விடுமுறைக்குப் போன மனுஷன் 2024 ஜூன் 2 அன்று போய்ச் சேர்ந்துவிட்டார். வயசு 52. இழவு வீட்டு வாசலில் நின்று சிரிக்க எப்படி மனசு வருகிறது?

ஆமாம், பந்தைத் தொடவில்லை. அது அவர் வேலை இல்லை. எதிரே பாய்ந்து வரும் 300 பவுண்டு ஆளை மறித்துத் தள்ளி, பின்னால் பந்தோடு வருகிறவனுக்கு வழி திறந்துவிடுவதுதான் கார்டின் வேலை. ஆலன் ஆடியது அந்த இடத்தில். 1995 சீசனில் அவர் அணியில் பந்தோடு ஓடுகிற எம்மிட் ஸ்மித் 1,773 கெஜம் ஓடினார், எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் 25 டச்டவுன் போட்டார், டல்லாஸ் கவ்பாய்ஸ் சாம்பியனை முடிவு செய்யும் சூப்பர் போல் ஜெயித்தது. ஓடினவர் பெயருக்கு நேரே கெஜக் கணக்கு இருக்கிறது. வழி திறந்தவர் பெயருக்கு நேரே எதுவும் இல்லை. முன்வரிசையில் நின்று வழி திறக்கிற அந்த ஐந்து பேரின் நம்பரை நடுவர் மைக்கில் சொல்வதே அவர்கள் தப்பு செய்தால்தான்.

2003-இல் அர்விங்கில் இருந்த பழைய டெக்சஸ் ஸ்டேடியத்துக்கு என்னை அழைத்துப் போனவர் ஆபீஸில் என் சீனியர். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண் எனக்கு, பந்தோடேயே ஓடும். "பந்தை விடு, 73-ஐப் பார்" என்றார். ஆலனின் ஜெர்சி நம்பர் அது. பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த 73 இரண்டு கையையும் முன்னால் கொடுத்து ஒரு ஆளை அப்படியே நகர்த்திக்கொண்டு போகும். அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஆட்டம் புரிந்தது.

"அவர் துரத்தி ஓடுகிற வீடியோவை எல்லாரும் பகிர்கிறார்களே, அது மரியாதை இல்லையா?" என்பீர்கள். 1994 டிசம்பர், நியூ ஆர்லியன்ஸ். பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய எதிரணி டேரியன் கானரை அந்த உடம்போடு துரத்திப் பிடித்தார். நானும் நூறு தடவை பார்த்திருப்பேன். ஆனால் அது ஒரே ஒரு ஓட்டம். அவர் ஆடியது 203 ஆட்டம். 700 பவுண்டு தூக்கியதையும் பகிர்கிறீர்கள், சரி. சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க கூட ஆடுகிறவர்களும் ஓட்டுப் போடுகிற ப்ரோ போலுக்கு 11 தடவை போனாரே, அவர்களுக்கெல்லாம் கண் இல்லையா?

கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் பத்து வயசில் தம்பியைக் காப்பாற்றப் போய் 12 கத்திக்குத்து வாங்கினவர் அவர். முன்னால் போய் நிற்பது அப்போதே வந்துவிட்டது. அவரைத்தான் குண்டன் என்கிறீர்கள்.

"ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கோ" என்று இன்பாக்ஸில் இரண்டு பேர். முடியாது. பதினெட்டு வருஷமாக ராத்திரி ஷிஃப்டில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் ஓடுகிறவரை நான் ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். போன வருஷம் ஒரு பெரிய மாற்றத்தை மூன்று மாசம் கண்விழித்து முடித்தோம். மேடையில் கைதட்டு வாங்கியது அதை ஸ்லைடில் காட்டினவர். அதைப் பற்றி வீட்டில்கூட நான் பேசவில்லை. நேற்று அந்தச் சிரிப்பு முகங்களைப் பார்த்தபோதுதான் தொண்டை அடைத்தது.

இன்றைக்கு ஷிஃப்ட் இல்லை. 1995 சீசன் ஆட்டம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். 73-ஐ மட்டும் பார்க்கப் போகிறேன்.