அடிக்கோடு போட்டால் மட்டும் போதாது

ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் உங்கள் பாடத்திட்டத்தில், பத்தியில் வரும் கருத்துக்கு ஒரு நிறம், காரணத்துக்கு ஒரு நிறம், ஆதாரத்துக்கு ஒரு நிறம் என்று கலர் பென்சிலில் அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறீர்கள். நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபோது நானும் இதைத்தான் செய்தேன், பிள்ளைகள் ஆசையாகக் கோடு போடுவார்கள், ஆனால் அது எப்படி ஆதாரம் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள்.

ஒருமுறை "வார இறுதியில் வீட்டுப்பாடம் வேண்டாம்" என்று வாதாடும் ஒரு பத்தியைக் கொடுத்தேன். "வீட்டுப்பாடம் யாருக்கும் பிடிக்காது" என்ற வரியைப் பாதி வகுப்பு ஆதாரம் என்று பச்சையில் கோடு போட்டுவிட்டது. ஒரு பையன் மட்டும் எழுந்து, "டீச்சர், எனக்குப் பிடிக்குமே" என்றான். வகுப்பே சிரித்தது, ஆனால் பாடம் உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவில் பெரும்பாலும் சொல்லாமலே விடப்படும் இணைப்பை, ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1958-இலேயே தனியாகப் பிரித்துக் காட்டினார். பெரியவர்களே தடுமாறும் இடம் அது. பிள்ளைகளிடம் அந்தப் பெயரெல்லாம் எதற்கு, "சரி, அதனால என்ன?" என்று கேட்டாலே போதும். "ஞாயிற்றுக்கிழமை விளையாடலாம்." சரி, அதனால என்ன? "திங்கட்கிழமை தூங்கி வழியாம வருவோம்." இந்த பதில் பத்தியில் இல்லவே இல்லை, ஒரு சிறுமி தானாகக் கண்டுபிடித்தது.

அப்புறம், எதிர்த்தரப்பை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! வீட்டுப்பாடம் வேண்டும் என்கிற ஆசிரியராகத் தங்களை நினைத்துக்கொண்டு பிள்ளைகளை நாலு வரி எழுதச் சொல்லுங்கள், பிறகு அதே பத்தியைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை கண்ணில் படாத ஓட்டைகளை அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.