அந்தியூர்ச் சந்தை என்றால் குதிரை மட்டும்தானா?

ஆடி பிறந்தால் போதும், முகநூல் முழுக்க ஈரோடு மாவட்டத்து அந்தியூர்ச் சந்தைக் குதிரைகள்தான். கட்டில் மேல் ஏறி ஆடுகிற குதிரை, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம், 'விலை இத்தனை லட்சம்' என்று ஒரு காணொளி. நானும் வாயைப் பிளந்து பார்க்கிறவன்தான். திப்பு சுல்தானே இங்கே ஆள் விட்டுக் குதிரை வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். சரி, இருக்கட்டும்.

எங்கள் அப்பாருவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, அது மாட்டுச் சந்தை. புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் தேருக்குப் போகிறேன் என்று கிளம்புவார், காங்கேயம் காளையோ அந்தியூர்ப் பக்கத்துப் பர்கூர் மலைக் கன்றோ பிடித்துக்கொண்டு வருவார். ஆடிப் பட்டம் தேடி விதைக்கிற காலத்தில் உழவுக்கு மாடு வேண்டும், அதே நேரத்தில் கோயில் நோன்பும் வருகிறது. சாமியும் சந்தையும் ஒரே இடத்தில் கூடியதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பது என் கணக்கு.

வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். முதலில் வயசு தெரிய மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார்: ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா. அப்புறம் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற சுழி, அதில்தான் ராசி பார்ப்பது. அப்புறம் ஒரு நடை நடக்கவிட்டுப் பின்னங்காலைப் பார்ப்பார். விலை மட்டும் வாயில் வராது. தரகர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார், பக்கத்தில் நிற்கிற எனக்கு அப்பாருவின் முகம் மட்டும்தான் தெரியும். படிந்ததும் அச்சாரம். விற்றவர் மாட்டைத்தான் கொடுப்பார், கயிற்றைக் கொடுக்கமாட்டார், அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நாம் புதுக்கயிறு கொண்டுபோயிருக்க வேண்டும்.

டிராக்டர் வந்தபிறகு உழவு மாட்டின் கதை முடிந்தது. அது எல்லா ஊரிலும் நடந்ததுதான். பர்கூர் மாட்டுக்கு வந்தது வேறு சிக்கல். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுள்ள அந்த மாடு காட்டில் பட்டி போட்டு மேய்கிற மாடு, தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு வளர்க்கிற சாதி இல்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு எதிலும் மாடு மேய்க்கக்கூடாது என்றது. அதே மாதம் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. அப்பாடா என்று இருந்தால், 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் பர்கூர் மலைக் காடே தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. சுமார் 80,000 ஹெக்டேர்.

புலியும் வேண்டும், யானையும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே பட்டி போடுகிறவர்களை உட்காரவைத்துப் பேசி முடிக்காமல், இன்னொரு பக்கம் 'நாட்டு மாடு காப்போம்' என்று வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன பிரயோசனம்? 2017 மெரினாவில் ஜல்லிக்கட்டுக்கு நாம் போட்ட சத்தத்தில் பாதியாவது மேய்ச்சலுக்குப் போட்டோமா?

போன ஆடியில் குதிரைக் கூட்டத்தைத் தாண்டி மாடுகள் கட்டியிருந்த பக்கம் போனேன். பர்கூர்க் கன்று ஒன்று, ரெண்டு பல்கூட ஆகவில்லை, கண்ணிலேயே நின்றது. விலை கேட்டேன். மலையிலிருந்து வந்த பெரியவர் விலையைச் சொல்லவில்லை.

"மேய்க்க எடம் இருக்குங்களா?" என்றார்.

நான் இருப்பது ஈரோட்டில், மூன்றாவது மாடி.