கொட்ட ஓர் இடம் கொடுங்கள், அப்புறம் திட்டுங்கள்

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பிரிட்டனில் ஒரு மறுசுழற்சி மையத்தின் வாசல், குறுக்கே உயரமான வண்டிகள் நுழையாதபடி ஒரு தடுப்புக் கம்பி, கம்பிக்கு வெளியே எங்கள் மோட்டார்ஹோம் (படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி), பக்கத்தில் இரண்டு கையிலும் பையோடு நான். அவ்வளவுதான் படம். வண்டிக்காரர்கள் ஊரை நாறடிக்கிறார்கள் என்று திட்டியும், கிண்டல் செய்தும் அதற்குக் கீழே வந்த பின்னூட்டங்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஆறுதல் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: சொல்லப் போவதில்லை. வாசலில் நின்ற பையன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். மழையில் நனைந்துகொண்டே, உள்ளூர் முகவரி இருந்தால்தான் அனுமதி, அதுவும் இந்த மாதிரி வண்டி உள்ளே வரக் கூடாது என்று தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். சரி, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்து போடட்டுமா என்று கேட்டேன். நடந்து வருபவர்களையும் விடக் கூடாதாம், பாதுகாப்பு விதி. அவன் முகத்தில் சங்கடம் தெரிந்தது. அவன் என்ன செய்வான், பாவம்.

பையில் என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாலு நாள் இரண்டு பேர் சாப்பிட்ட மிச்சம். ஊறுகாய் பாட்டில் ஒன்று, ஜாம் பாட்டில் இரண்டு, தக்காளி டின்கள், பால் கேன்கள், கொஞ்சம் அட்டை. ஒவ்வொன்றையும் கழுவி, கண்ணாடி தனி, டின் தனி என்று பிரித்து வைத்திருந்தேன். வண்டிக்குள் இருக்கும் தண்ணீரே குறைச்சல், அதில் ஒரு குவளை எடுத்து ஊறுகாய் பாட்டிலைக் கழுவினேன். அந்தப் பையைத்தான் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பயணத்தில் இருப்பவர்களுக்குக் குப்பை போட ஓர் இடம், கழிப்பறைக் கழிவையும் அழுக்குத் தண்ணீரையும் முறையாகக் கொட்ட ஓர் இடம், நல்ல தண்ணீர் பிடிக்க ஒரு குழாய் வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை. காசு வாங்கிக்கொள்ளுங்கள். இடத்தையும் கொடுக்காமல், வண்டிக்காரர்கள் ஊரை நாறடிக்கிறார்கள் என்றும் சொல்லாதீர்கள்.

இந்த வண்டியில் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் டேங்க் 100 லிட்டர். பாத்திரம் கழுவியது, குளித்தது எல்லாம் அடியில் இருக்கும் இன்னொரு டேங்குக்குப் போகும். கழிப்பறைக்கு அடியில் கேசட் என்று ஒரு பெட்டி, 18 லிட்டர் கொள்ளும். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு, சாவி போட்டுத் திறந்தால் கேசட்டை உருவலாம். சூட்கேஸ் மாதிரி சக்கரமும் கைப்பிடியும் இருக்கும். கொட்டும்போது காற்று போகிற பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மெதுவாகச் சாய்க்க வேண்டும். அழுத்த மறந்தால் ‘களக் களக்’ என்று தெறிக்கும். முதல் தடவை எனக்குச் செருப்பெல்லாம் தெறித்தது. இரண்டு பேர் என்றால் மூன்று நாள் தாங்கும். அப்புறம் சிவப்பு விளக்கு எரியும். எரிந்துவிட்டால் கெஞ்சினாலும் அது அணையாது, எங்காவது கொட்டியே ஆக வேண்டும்.

அந்த மறுசுழற்சி மையத்துக்குப் போன அன்று காலையில்தான் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் படத்தோடு எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். அந்த ஊரின் பொதுக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. கதவில் ‘கேம்பர்வேன் கழிவை இங்கே கொட்டாதீர்கள்’ என்று ஓர் அட்டை. சரி, எங்கே கொட்டுவது? அதைப் பற்றி அட்டையில் ஒரு வரி இல்லை. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பலகை, நடுவில் ஒரு பலகை, கடற்கரையில் ஒரு பலகை. இங்கே நிறுத்தாதே, இங்கே தூங்காதே, இங்கே கொட்டாதே. எங்கே என்று சொல்லும் பலகை ஒன்றுகூட இல்லை. நாற்பத்தைந்து மைல் தள்ளி ஒரு முகாமிடத்தில் (வண்டியோடு தங்கும் கேம்ப்சைட்), அங்கே தங்காவிட்டாலும் பரவாயில்லை என்று பத்து பவுண்ட் வாங்கிக்கொண்டு கொட்ட விட்டார்கள். சந்தோஷமாகக் கொடுத்தேன். இருபது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இனி எதிர்க்கேள்விகள்.

“வீட்டிலிருந்தே தண்ணீர் நிறையக் கொண்டு போக வேண்டியதுதானே” என்று ஒரு தம்பி. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. பிரிட்டனில் 1997 ஜனவரி முதல் கார் உரிமம் வாங்கிய என்னைப் போன்றவர்கள், தனியாக இன்னொரு தேர்வு எழுதாவிட்டால், எங்களுடையது மாதிரி வண்டியை மொத்தம் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். வண்டி, படுக்கை, கேஸ், சாமான், நாங்கள் இரண்டு பேர் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். அதற்கு மேல் போனால் சட்டப்படி குற்றம், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ஆசைக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது தம்பி.

“பொதுக் கழிப்பறையில் கொட்டினால் என்ன, அதுவும் கழிப்பறைதானே” என்று இன்னொருவர். இவர் எங்கள் பக்கம் பேசுவதாக நினைத்துச் சொல்கிறார், ஆனால் இது தப்பு. கிராமப்புறத்தில் பல கழிப்பறைகள் செப்டிக் டேங்கில்தான் போய் விழுகின்றன. டேங்குக்குள் இருக்கும் பாக்டீரியாதான் கழிவைச் செரிக்க வைக்கிறது. நாற்றம் வராமல் இருக்கக் கேசட்டில் ஊற்றும் நீல மருந்தில், ஃபார்மால்டிஹைடு கலந்த வகை என்றால், அது அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பத்து வண்டிக்காரர்கள் வரிசையாகக் கொட்டினால் ஒரு சிற்றூரின் டேங்க் கெட்டுப் போகும். நான் ஃபார்மால்டிஹைடு இல்லாத பச்சை மருந்துதான் வாங்குகிறேன், இருந்தாலும் கொட்ட மாட்டேன். இதில் ஊர்க்காரர்கள் கோபப்படுவது முழு நியாயம்.

ஓடையில் கொட்டுகிறவர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவர்களை நான் உங்களைவிட அதிகமாகத் திட்டுவேன். அவர்கள் செய்ததற்குப் பூட்டு விழுவது என் முகத்தில்.

“முகாமிடம் இருக்கிறதே, அங்கே போய்த் தங்குங்கள்” என்கிறார்கள். போகிறோம். பயணத்தில் பாதி இரவுகள் அங்கேதான் தங்குகிறோம். ஆனால் ஸ்காட்லாந்தின் வடக்கே நிறைய முகாமிடங்கள் ஈஸ்டருக்குத் திறந்து அக்டோபரில் மூடிவிடும். சாலை மூடுவதில்லை. கடை, பெட்ரோல், மீன் வறுவல் விற்கும் இடம் எதுவும் எங்களை வேண்டாம் என்று சொல்வதில்லை. வாசல் அடைப்பது குழாயும் சாக்கடையும் மட்டும்தான்.

ஸ்காட்லாந்தின் வடக்குக் கரைச் சாலையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நார்த் கோஸ்ட் 500 என்று பெயர். இன்வெர்னஸில் தொடங்கி அங்கேயே வந்து முடியும், 516 மைல். சாலைகள் எப்போதும் இருந்தவைதான். 2015-இல் பெயர் வைத்து, படம் போட்டு, உலகத்தையே வா வா என்று கூப்பிட்டார்கள். உலகம் வந்தது. ஒற்றை வழிச் சாலையில் எதிரெதிரே வண்டிகள், ஓரமெல்லாம் குப்பை, ஊர்க்காரர்களுக்கு எரிச்சல். அந்த எரிச்சலை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் தப்பு இல்லை. விருந்துக்கு ஊரையே அழைத்துவிட்டுக் கை கழுவ ஓர் அண்டாத் தண்ணீர்கூட வைக்காமல் விட்டால் வீட்டு வாசல் என்ன ஆகும்? அழைத்தது ஒருவர், வாசலைக் கூட்டுவது இன்னொருவர்.

கவுன்சிலுக்குப் பணம் எங்கே என்ற கேள்வியும் எனக்குப் புரிகிறது. அந்தப் பகுதியின் உள்ளாட்சியான ஹைலேண்ட் கவுன்சிலின் நிலப்பரப்பு ஏறக்குறைய 26,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. மக்கள் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. அவ்வளவு பேர் வரியில் எத்தனை கழிப்பறை கட்டுவது? 2024-இல் அவர்கள் ஏழு நாளுக்கு 40 பவுண்ட், விருப்பம் இருந்தால் கட்டலாம் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். முகாமிடம் நடத்துபவர்கள் எதிர்த்தார்கள், வண்டிக்காரர்களிலும் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்கவில்லை. காசு கேட்கட்டும். கொடுத்த காசுக்கு ஒரு குழாயும் ஒரு கொட்டும் இடமும் ஊருக்கு ஊர் வரட்டும். நான் கேட்பது அதைத்தானே.

பிரான்சில் இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்ததால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை. இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தவும் கழிவைக் கொட்டவும் உள்ள இடத்தை அங்கே ‘ஏர்’ என்கிறார்கள். சின்னச் சின்ன ஊரில்கூட இருக்கிறது. நாங்கள் போன ஓர் ஊரில் தேவாலயத்துக்குப் பின்னால் சமமான ஒரு திடல், ஓரத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கம்பம். மூன்று யூரோ போட்டால் 100 லிட்டர் நல்ல தண்ணீர். கீழே இரும்புச் சல்லடை, அதன் மேல் வண்டியை நிறுத்தி அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடலாம். பக்கத்தில் கேசட் கொட்ட மூடி போட்ட ஒரு குழி, அலசக் குழாய். பத்தடி தள்ளிக் கண்ணாடிக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று என்று தொட்டிகள். காவலுக்கு யாரும் இல்லை, குப்பையும் இல்லை. எல்லாம் முடித்துவிட்டு ரொட்டிக் கடைக்குப் போய் ரொட்டியும், எதிர்க் கடையில் பாலாடைக்கட்டியும், வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கத் தேனும் வாங்கினோம். அந்த மூன்று யூரோ இல்லையென்றால் அந்த ஊரில் நாங்கள் நின்றிருக்கவே மாட்டோம். ஜெர்மனியிலும் இதே கதைதான், அங்கே ‘ஷ்டெல்பிளாட்ஸ்’ என்று பெயர். நியூசிலாந்தில் உள்ளாட்சிகளே கொட்டும் இடம் வைத்து, வழிகாட்டப் பலகையும் வைக்கிறார்கள். பிரிட்டனில் மட்டும் ஏன் இது இவ்வளவு பெரிய கேள்வியாக இருக்கிறது?

“வீடு மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்குக் குப்பைத் தொட்டி ஒரு கவலையா, ஊரில் எத்தனையோ பேருக்குக் கழிப்பறையே இல்லை” என்று ஓர் அண்ணன் எழுதினார். அண்ணா, எங்கள் வண்டிக்கு வயது பதினாறு. இருபது வருஷம் இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசில், மூன்றாவது கையாக வாங்கியது. அதைக்கூட விடுங்கள். ஊரில் கழிப்பறை இல்லாதவர்களை எதற்காக என் வாயை அடைக்க இழுக்கிறீர்கள்? நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர் குளிக்க இடம் கேட்டாலும், சந்தைக்கு வரும் பெண்கள் ஒதுங்க இடம் கேட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். உடம்பு என்று ஒன்று இருந்தால் அதற்குக் குளிக்கவும் ஒதுங்கவும் இடம் வேண்டும்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒரு பின்னூட்டம். கூடப் படித்தவர், பெயர் சொல்லவில்லை. “வெளிநாடு போயும் கக்கூஸ் டப்பா தூக்குகிற பொழப்பா?” என்று எழுதியிருந்தார். அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்களில் எனக்கு வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன்.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பாட்டி வீட்டில் எடுப்புக் கக்கூஸ்தான் இருந்தது. கொல்லைக்குப் பின்னால் சந்து, சந்துப் பக்கம் ஒரு சின்னத் தகரக் கதவு. காலையில் ஓர் அம்மா வாளியும் தகரமும் எடுத்துக்கொண்டு வருவார். சாம்பலைத் தூவி, வழித்து, வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். தண்ணீர் கேட்டால் பாட்டி எட்ட நின்று மேலே இருந்து ஊற்றுவார், அந்த அம்மா இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். ஏழு வயதில் நான் அவர் பெயரைக் கேட்டேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை வருஷம் எங்கள் கழிவைச் சுமந்தவரின் பெயர் தெரியவில்லை. இப்படி ஆட்களை வைத்துக் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்ய இந்தியாவில் 1993-இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம். இன்றைக்கும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி ஆட்கள் சாகிறார்கள்.

நான் தூக்குவது என் வீட்டுக் கழிவு. என் கையால் உருவி, என் கையால் கொட்டி, அலசி, மூடி வைக்கிறேன். இதில் எனக்கு ஒரு துளி வெட்கம் கிடையாது. எங்கள் தெருவில் யாராவது ஒரு நாள் இதைச் செய்திருந்தால் அந்தச் சந்து அப்படி இருந்திருக்காது. சிரித்தவர்கள் சிரிப்பை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அதை யார் தூக்கினார்கள் என்று உங்கள் அம்மாவிடம் ஒரு தடவை கேளுங்கள்.

சரி, எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். அந்த இரண்டு பைகளையும் வண்டியின் பின்பக்கமே வைத்து வீடு வரை கொண்டு வந்தோம். நேற்று இரவு எங்கள் வீட்டு மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். ஊறுகாய் பாட்டிலில் இன்னும் லேசாக எண்ணெய் வாசம் இருந்தது.

அக்டோபர் கடைசியில் மறுபடி வடக்கே கிளம்புகிறோம். அந்தப் பக்கம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும் கொட்டும் இடமோ, காசு கொடுத்துத் தண்ணீர் பிடிக்கிற குழாயோ யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். என்னோடு சண்டை போட்டவர்களும் எழுதலாம், குறித்து வைத்துக்கொள்கிறேன்.