சாவியைப் பிடுங்காதீர்கள், வண்டியைச் சின்னதாக்குங்கள்

அறுபது தாண்டிய ஒருவர் வண்டியில் லேசாகத் தடுமாறினார் என்று தெரிந்தால் போதும், வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. "இனிமே வண்டி வேணாம்ப்பா, ஆட்டோ வெச்சுக்குங்க." பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே சொல்லி முடித்துவிடுவான். அக்கறையில்தான் சொல்கிறான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அது அவசரத் தீர்ப்பு. அப்பாவால் வண்டியே ஓட்ட முடியாமல் போய்விட்டதா, இல்லை ரொம்ப வருஷமாக வைத்திருக்கும் அந்த மோட்டார் சைக்கிள்தான் அவர் உடம்புக்கு ஒத்துவராமல் போய்விட்டதா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டாவதுதான். அதற்குச் சின்ன வண்டி போதும்.

காலையில் வேலூர் கோட்டைக்குள் நடக்கப் போகும் எங்கள் கூட்டத்தில் இப்போது இதுதான் பேச்சு. மின்வாரியம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை என்று ஆளுக்கொரு இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒருகாலத்தில் டிஏ எவ்வளவு ஏறும் என்று பேசிக்கொண்டிருந்தோம். இப்போது முட்டி, கழுத்து, சுகர், அப்புறம் வண்டி. நாலும் ஒரே பேச்சாகிவிட்டது. "இன்னாபா, வண்டிய மாத்திட்டியா?" என்று ஒருவர் கேட்டால், "காலைத் தூக்கிப் போட முடியலபா, வண்டி நல்லாதான் கீது" என்று இன்னொருவர் பதில் சொல்கிறார். அந்த ஒரு பதிலில் ஒரு டாக்டர் சீட்டே இருக்கிறது.

காலைத் தூக்கிப் போடுவது இடுப்பு மூட்டின் வேலை. மோட்டார் சைக்கிளில் பின்சீட்டுக்கு மேலே காலைச் சுழற்றிப் போட வேண்டும். பின்னால் ஒரு பை கட்டியிருந்தால் இன்னும் உயரம். ஸ்கூட்டரிலும் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டிலும் முன்பக்கமாகவே காலை நுழைத்து உட்கார்ந்துவிடலாம். இளவயதில் இது ஒரு விஷயமாகவே தெரியாது. இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, வண்டி எடுக்கிறோமா வீட்டிலேயே கிடக்கிறோமா என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

அடுத்தது எடை. புது புல்லட் 350 ஏறக்குறைய 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. டிவிஎஸ் எக்ஸ்எல் 100, தொண்ணூறு கிலோவுக்குள் அடங்கிவிடும். "ஓட்டும்போது எடையே தெரியலியே" என்று புல்லட் வைத்திருக்கும் நண்பர் சொல்வார். உண்மைதான், ஓடும்போது எல்லா வண்டியும் லேசுதான். நிற்கும்போதுதான் வினை. காட்பாடி ஸ்டேஷன் ஸ்டாண்டில் நெருக்கி நெருக்கி விட்டிருப்பார்கள். அதிலிருந்து வண்டியைப் பின்னால் இழுத்து, திருப்பி, வெளியே கொண்டுவர வேண்டும். வீட்டு வாசல் சாய்தளத்தில் ஏற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டும். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலர் விழுந்தது வேகமாகப் போய் இல்லை. நின்ற இடத்தில், வண்டி ஒரு பக்கம் சாய, அதைத் தாங்கப்போய்த்தான் விழுந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் பலர் மாறாததற்கு ஒரே காரணம் கௌரவம். "எக்ஸ்எல்லா? அது பால்காரர் வண்டியாச்சே." இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. 1980இல் டிவிஎஸ் 50 வந்தபோது, இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட் என்பதே இந்த நாட்டுக்குப் புதுசு. ஓசூரில் செய்த அந்த வண்டியும் அதன் வாரிசுகளும்தான் நம் வடாற்காட்டில் பால் கேனைச் சுமந்தன. குடியாத்தத்துக் கைலி மூட்டையைச் சுமந்தன. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை விடியற்காலையில் மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. உழைக்கிறவர் ஓட்டும் வண்டியில் ஏற ஒரு ரிடையர்டு ஆபீசர் கூச்சப்பட என்ன இருக்கிறது? எங்கள் பெல் நண்பர் இன்னொன்றை நினைவுபடுத்துவார். புல்லட் செய்த அதே என்பீல்டு கம்பெனி, எண்பதுகளில் நம் ராணிப்பேட்டையில் தொழிற்சாலை வைத்து, சில்வர் பிளஸ் என்று 50 சிசி குட்டி வண்டி செய்தது. அதே ராணிப்பேட்டையில் 2021இல் ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்திருக்கிறது. சின்ன வண்டி நம் பக்கத்துக்குச் சொந்தக்காரப் பொருள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் வண்டியை மாற்றியவர்களில் பாதிப் பேருக்கு அந்த யோசனையைச் சொன்னது மகனும் இல்லை, டாக்டரும் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து வரும் மனைவி.

தபால் ஆபீஸ் நண்பருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஒருநாள் சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது அவருடைய வலதுகால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாதான் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்து வந்தவர், திட்டவில்லை. "ஏங்க, செருப்பு போனதே உங்களுக்குத் தெரியலயா?" என்று மட்டும் கேட்டாராம். அந்தக் கேள்வியை அந்த அம்மா விடவில்லை. அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு என்று பின்வார் வைத்த எம்சிஆர் செருப்பு எழுதிக் கொடுத்தார்கள். தொழுநோயில் மரத்துப்போன பாதங்களுக்காக இதே வேலூரிலும் கரிகிரியிலும் டாக்டர்கள் பாடுபட்டு வளர்த்தெடுத்த மெத்தென்ற ரப்பர் செருப்பு அது. இன்றைக்கு ஊரில் எத்தனையோ சர்க்கரை நோயாளிகள் அதைத்தான் போட்டு நடக்கிறார்கள்.

அந்த அம்மா அதோடு நிற்கவில்லை. "செருப்பு போனதே தெரியாத காலால பிரேக் எப்பிடி மிதிப்பீங்க?" என்று கேட்டார். நாங்கள் யாரும் யோசிக்காத கேள்வி அது. மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலதுகாலில் இருக்கிறது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பாதத்துக்குத் தெரிந்தாக வேண்டும். எக்ஸ்எல்லில் இரண்டு பிரேக்கும் கையில். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும். 125 சிசிக்கு உட்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் 2019 ஏப்ரலிலிருந்து கூட்டு பிரேக் கட்டாயம் என்பதால், பின் பிரேக்கைப் பிடித்தாலே முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்து நிற்கிறது. நண்பர் வண்டியை மாற்றினார். எட்டாவது வரை படித்த அந்த அம்மா, எந்த ஷோரூம்காரரும் கேட்காத கேள்வியைக் கேட்டு அதை நடத்திக்காட்டினார்.

இன்னொரு நண்பருக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், தலையைத் திருப்ப முடியாது. அவருடைய துணைவியார் பின்னால் இருந்து அவர் தோளில் கை வைத்தபடியே வருவார். வலதுபக்கம் வண்டி வந்தால் வலது தோளில் ஒரு தட்டு, இடதுபக்கம் வந்தால் இடது தோளில் ஒரு தட்டு. பேச்சே கிடையாது. கிரீன் சர்க்கிள் ரவுண்டானா நெரிசலில் அவர்கள் கடந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். கண்ணாடி இரண்டும் சரியாக இருக்கிறது, இருந்தாலும் அந்தக் கை இல்லாமல் அவர் அந்தப் பக்கம் வருவதில்லை.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும் தானே ஸ்கூட்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் முன்னால், வீட்டுக்காரர் பின்னால். தெருவில் இரண்டு பேர் கேலி பேசினார்கள். மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்து பிசியோதெரபிக்குப் போய் வந்து நடக்கத் தொடங்கிய அந்த மனிதரை நான் மனசார மதிக்கிறேன். இன்னொரு வீட்டில், புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் வண்டி நிலை தடுமாறுகிறது என்று, அறுபது வயதில் முதல்முறையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரப் பழகினார் ஒரு அம்மா. ஊர் என்ன சொல்லும் என்று எத்தனை நாள் யோசித்திருப்பார். கணவரின் பேலன்ஸுக்காக அதைச் செய்தார். அவருக்கும் சேர்த்து இரண்டு ஹெல்மெட் வாங்கி வந்தார் கணவர். பின்சீட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதை இந்த வயதில் கடைப்பிடிக்காவிட்டால் எப்போது கடைப்பிடிப்பது?

என் மனைவிக்கும் முட்டிவலி உண்டு. பழைய பைக்கில் ஏற, பக்கத்தில் திண்ணையோ படிக்கட்டோ தேட வேண்டியிருந்தது. அதனால் வண்டி மாற்றும்போது அவளைத்தான் முதலில் ஏறி உட்காரச் சொன்னேன். இறங்கி ஏறி, கால் வைக்கும் இடம் பார்த்து, "இதுல ஏறலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் விலையே கேட்டேன். ஓட்டுகிறவர் உடம்பை மட்டும் பார்த்து வண்டி வாங்கினால், துணை வீட்டோடு நின்றுவிடுவார். வள்ளிமலைக்கும் சோளிங்கருக்கும் சேர்ந்து போன காலம் அத்தோடு போச்சு. சோளிங்கர் மலைக்கு 2024இல் ரோப் கார் வந்துவிட்டது, 1300க்கும் மேற்பட்ட படியை இனி முட்டி தாங்க வேண்டியதில்லை. அடிவாரம் வரை போக நமக்கு ஒரு வண்டி இருந்தால் போதும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு, உடம்பு குறைந்தால் வீட்டில் உட்கார் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. சிஎம்சி ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்க அவர்தான் காரணம். உடம்புக்குத் தக்கபடி கருவியை மாற்று, ஆளை மூலையில் உட்கார வைக்காதே என்று உலகத்துக்கே செய்துகாட்டிய ஊர் இது. அந்த நியாயம் நம் வீட்டு அப்பாவின் வண்டிக்கும் பொருந்தும்.

அதற்காக எல்லாரும் எப்போதும் ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணில் புரை இருந்தால் எதிரே வரும் ஹெட்லைட் சிதறிப் பரவி, நடுவில் போகிற ஆளை மறைத்துவிடும். அப்படிப்பட்டவர் ஆபரேஷன் ஆகும்வரை இருட்டியபின் வண்டி எடுக்கவே கூடாது. பிரஷர் மாத்திரை புதிதாக மாற்றினால் தலைசுற்றல் இருக்கிறதா என்று சில நாள் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். 55 வயதுக்கு மேல் லைசென்ஸைப் புதுப்பித்தால் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். 40 வயதைத் தாண்டினாலே படிவம் 1ஏ என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும். இதை ஒரு கையெழுத்து விஷயமாக நினைத்து, பார்க்காமலே வாங்கிவரும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிஜமாகவே கண்ணைக் காட்டுங்கள், காதைக் காட்டுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கமே நினைவுபடுத்துவது நமக்கு நல்லது.

மின்சார ஸ்கூட்டர் பற்றியும் கேட்கிறார்கள். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கும் வண்டிக்கு லைசென்ஸும் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம். லேசான வண்டி, சத்தம் இல்லை. காந்தி நகர் தெருக்களுக்குள் காய்கறி வாங்க, லைப்ரரி போக அருமையானது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தில் ஏறாதீர்கள். பின்னால் பஸ் முட்டிக்கொண்டு வரும்போது 25 கிலோமீட்டர் வேகம் ஆபத்து. அங்கே போக வேண்டியவர் பதிவு செய்த வண்டியாகவே வாங்கட்டும்.

கடைசியாக ஒரு உதவி. ஆரணியில் இருக்கும் பழைய நண்பர் ஒருவருக்குக் கொஞ்ச நாளாக பேலன்ஸ் சரியாக இல்லை. கை கால் பலம், கண் எல்லாம் சரி. ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சைடு வீல் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் மனைவி சொல்லி, இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். சைடு வீல் போட்டால் வண்டி சாயாது, அதனால் திருப்பத்தில் வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும், சரிவான ரோட்டோரத்தில் ஒருபக்கமாக இழுக்கும் என்றெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆர்டிஓ ஆபீசில் ஆர்சியிலும் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். வேலூர், ஆற்காடு, வாலாஜா பக்கம் இதை உறுதியாகப் பொருத்தித் தந்து, பேப்பர் வேலைக்கும் வழி சொல்லும் மெக்கானிக் யாராவது தெரிந்தால் எழுதுங்கள். இரண்டு பேரும் வண்டியோடு வரத் தயாராக இருக்கிறார்கள்.